ஆணி இல்லாத தோரணம்

மஞ்சள் மண்டிகளின் வாசனை எட்டும் தூரத்தில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எட்டுக்கல் வீதி என்று ஒரு வீதி இருந்தது. அந்த வீதியில் மாடியில் சொந்தக்காரர்களும் கீழே குடியிருப்பவர்களுமாக மக்கள் வாழ்ந்தார்கள். மாடியில் இருப்பவர்கள் கீழே வருகிறவர்களிடம், பால் காய்ச்சும் காலையிலேயே, பால் பொங்குவதற்கும் முன்னால் சொல்லிவிடுகிற ஒரு வாக்கியம் இருந்தது. ஆணி அடிக்கக் கூடாது.

கோகிலவாணி இந்த வாக்கியத்தைப் பல வீடுகளில் கேட்டவள். ஒரு வீட்டில் அதற்குக் காரணம் புதுப் பெயின்ட். ஒரு வீட்டில் வாஸ்து. ஒரு வீட்டில், அது செத்துப்போன அப்பா வேர்வை சிந்திக் கட்டிய சுவர் என்பது. இன்னொரு வீட்டிலோ சுவர் முழுக்க ஏற்கெனவே ஆணிகள் இருந்தன, அதில் ஒன்றில் காலண்டரை மாட்டியதற்கு, "அதெல்லாம் நாங்க அடிச்ச ஆணிங்க" என்று கழற்றச் சொன்னார்கள். ஆகவே அவளுடைய கடிகாரம் பிரிட்ஜின் மேல் மல்லாந்து படுத்து மணி காட்டியது. காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவளும் அவள் கணவன் ஆறுச்சாமியும் மாலையும் கழுத்துமாக நிற்கும் கல்யாணப் படம், நின்று நின்று கால் வலித்துத் தரையில் குந்திவிட்டவர்களைப் போலச் சுவரோரம் சாய்ந்திருந்தது. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகள் மீனலோசனி, தனிக்குடித்தனம் போன முதல் நாளே போனில் கூப்பிட்டு, "அம்மா, இங்கயும் அதே பாட்டுத்தாம்மா" என்றாள். எந்தப் பாட்டு என்று கோகிலவாணி கேட்கவில்லை.

இதில் வயிறு எரிவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பகலெல்லாம் அவள் செய்த வேலையே அலங்காரந்தான். கடைவீதியின் பெரிய ஜவுளிக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலை கட்டி, பருவத்துக்குப் பருவம் கடை முகப்பை மாற்றுகிறவள் அவள்: சித்திரைக்கு மாவிலையும் கொன்றைப்பூவும், ஆடிக்கு வேப்பிலையும் மஞ்சள் துணியும், ஐப்பசிக்குக் காகிதத் தாமரை, மார்கழிக்கு வைக்கோல் குடிலும் வெள்ளை நட்சத்திரமும், தைக்குத் தோகையோடு கரும்பு. கடையில் ஆணிக்குப் பஞ்சமே இல்லை. உயிரில்லாத பொம்மைகள் எல்லாப் பருவத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க, உயிரோடிருக்கும் தனக்கு வாசலில் ஒரு மாவிலை கட்ட வழியில்லையே என்று நினைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம் அவளுக்குக் காது சுட்டது.

அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒரு பெயின்ட் வாளிக்குள் இருந்தது. மீனலோசனி வயிற்றிலிருந்த காலத்தில் நட்ட முல்லைக்கொடி அது. முல்லை பந்தல் கேட்கிற கொடி. ஆனால் எந்த வீட்டிலும் பந்தல்கால் ஊன்ற விடவில்லை, மண்ணில் இறக்கவும் விடவில்லை, வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடுமாம். ஆகவே அது வாளியிலேயே, மூன்று குச்சிகளைச் சுற்றிச் சுற்றி, வருஷா வருஷம் நுனி வெட்டப்பட்டு, வீட்டுக்கு வீடு வண்டியில் ஏறி இறங்கி, சோற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல வளர்ந்தது. தன் வாசலுக்கு மேலே அது ஒரு தடவையாவது படர்ந்து பூக்க வேண்டும், அதன் கீழே தான் நடந்து வீட்டுக்குள் போக வேண்டும். உலகத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான். அதைக்கூட ஆறுச்சாமியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவன் மண்டிகளுக்கு மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கோபப்படத் தெரியாதவன்.

எட்டுக்கல் வீதிக்கு வந்த பிறகு வந்த முதல் சித்திரை முதல் நாள் காலையில், கோகிலவாணி மாவிலைத் தோரணம் கட்டினாள். ஒரே அளவான இலைகளாகப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேலே போட்டுப் பின்னால் மடித்து, ஈர்க்குச்சித் துண்டால் குத்தி, இலைக்கும் இலைக்கும் இரண்டு விரல் இடம் விட்டு, இடையிடையே ஒரு சாமந்தி வைத்துக் கட்டினாள். கட்டி முடித்தபின், மாட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும், முக்காலியில் ஏறி, வாசல் நிலவுக்கு, கதவைத் தாங்கும் அந்த மரச்சட்டத்துக்கு, நேரே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள் வீட்டுக்காரர் வையாபுரியின் மனைவி சௌந்தரம். "ஏ கோகிலா, நெலவுல ஆணி கீணி அடிச்சராதே. தேக்கு நெலவு!"

"அடிக்கலீங்க்கா!" என்று கத்தினாள் கோகிலவாணி.

வருஷக்கணக்காகச் சொன்ன சரிங்க சரிங்கவுக்கெல்லாம் அடியில் கிடந்த குரல் அது. கத்திய வேகத்தில் இரண்டு கைகளும் தாமாகவே விரிந்து கீழே வந்தன. தோரணம் வரவில்லை. கைகள் விட்ட இடத்திலேயே, நிலவுக்கு ஒரு சாண் முன்னால், காற்றில், நடுவில் கொஞ்சம் தொய்ந்து நின்றது. அவள் முக்காலியிலிருந்து இறங்கி, பால் பொங்கிவிடுமே என்று உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

வையாபுரி நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். டார்ச் விளக்கோடும் படிக்கும் கண்ணாடியோடும் கீழே வந்தார். நிலவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"ஆணி எங்கம்மா?"

"இல்லீங்கண்ணா."

"நைலான் நரம்பு கிரம்பு கட்டியிருக்கறயா?" என்று கயிற்றுக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். நரம்பும் இல்லை. "பின்ன எதுல தொங்குது?"

"சும்மா தொங்குதுங்க."

"சும்மா எப்படி அம்மிணி தொங்கும்?"

"உங்க செவுத்துல ஒரு ஆணிக்கு எடமில்லாம அது சும்மா தொங்க வேண்டியிருக்குது பாருங்க," என்றாள் அவள்.

அவருக்கு வந்த வருத்தம் தோரணம் காற்றில் தொங்குகிறதே என்பதல்ல. தன் சுவருக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் தொங்குகிறதே, எதைச் சொல்லிக் கழற்றச் சொல்வது என்பதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறுச்சாமி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தோரணத்தைப் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லி, தன் சட்டையைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் காற்றில் மாட்டினான். சட்டை தரையில் விழுந்தது. அவன் அதை எடுத்து உதறி, வழக்கம்போலக் கதவின் மேல் போட்டுக்கொண்டான்.

எதிர்வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்த எஸ்தர் டீச்சர், துவக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர், தன் சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுபோய்த் தன் வாசலில் வைத்துக் கையை விட்டார். கண்ணாடி உடைந்தது.

"டீச்சர், நீங்க ஜெபம் பண்ணிட்டு மாட்டறீங்க," என்றாள் கோகிலவாணி, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து. "வேண்டிக்கிட்டா நிக்காது. கோவம் வரோணும்."

"எனக்கு எங்க கோகிலா கோவம் வருது? முப்பது பிள்ளைங்களக் கட்டி மேய்க்கறவ."

"உங்க ஹவுஸ் ஓனர் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

டீச்சர் யோசித்தார். "மீன் வாசம் மாடிக்கு வருதாம். திங்கறதானா வாய்க்கால் மேட்டுல அடுப்பு வெச்சுப் பொரிச்சுத் தின்னுட்டு வாங்கன்னாரு." சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார். "வாய்க்கால் மேட்டுல," என்று இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் முகம், வகுப்பில் எந்தப் பிள்ளையும் பார்த்திராத முகமாக இருந்தது. கண்ணாடியில்லாத கடிகாரத்தைத் தூக்கிக் காற்றில் ஓங்கி வைத்தார். அது அங்கேயே நின்று ஓட ஆரம்பித்தது.

இப்படித்தான் எட்டுக்கல் வீதியில் காற்றில் மாட்டுவது பழக்கத்துக்கு வந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எந்த உயரத்தில் என்றுதான் கேட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் காயங்களைச் சொல்லி ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்: ராத்திரி தண்ணீர் மோட்டாரை நிறுத்தியது, விருந்தாளி ஒரு வாரம் தங்கியதற்கு முகத்தைச் சுளித்தது, ஊறுகாய் ஜாடியை மொட்டை மாடியில் காயவைத்ததற்கு வெயிலுக்கும் கணக்குச் சொன்னது. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பொருள் தொங்கியது. கொட்டாங்குச்சியைப் பாதியாய் அறுத்து மண் நிரப்பி அதில் டேபிள் ரோஜா வைத்து ஜன்னலுக்கு முன்னால் வரிசையாக மாட்டினார்கள். உடைந்த பானையின் கழுத்தில் மணிபிளான்ட் வைத்துத் தொங்கவிட்டார்கள். கல்யாணப் படங்கள் எல்லாம் தரையைவிட்டு எழுந்து நின்றன. பேப்பர் போடுகிறவர் குனிந்து நடக்கப் பழகினார். பால்காரர் கேனை எங்கே இடித்தாலும், "யாரு கோவமுங்க இது, இவ்வளவு தணிவா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே போனார். முக்கு மளிகைக்கடையில் தோரணக் கயிறு தனியாகக் கட்டித் தொங்கவிட்டு விற்றார்கள். அந்தக் கடைக்காரருக்குச் சொந்தக் கட்டடம், ஆகவே அவருடைய கயிறு மட்டும் ஆணியில் தொங்கியது.

சொந்தக்காரர்களும் முயன்று பார்க்காமல் இல்லை. வையாபுரி டவுனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தோரணம் வாங்கி வந்தார், உள்ளே விளக்கு வைத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்தில் மாடி வாசலில் நின்று தூக்கிப் பிடித்து, கோபப்பட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் சௌந்தரத்தைக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் திட்டிவிட்டு, கையை விட்டார். தோரணம் அவர் தலையில் விழுந்தது. அவருக்குக் கோபம் இல்லாமல் இல்லை, ஏகமாக இருந்தது. ஆனால் கூடாது என்று ஒருவர் சொல்லிக் கேட்டுக்கொண்டவனுக்கு வருகிற கோபம் ஒன்று, கூடாது என்று சொல்லிச் சொல்லியே வருகிற கோபம் இன்னொன்று. இரண்டாவதன் மேல் காற்று எதையும் தாங்கவில்லை.

ஆடி பிறந்ததும் சொந்தக்காரர்கள் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, இனி காற்றிலும் எதையும் மாட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதைக் கீழே வந்து சொன்னவர் வையாபுரி.

"செவுரு உங்களுது, சரிங்க. தரை உங்களுது, சரிங்க. காத்து ஆருதுங்கண்ணா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"காம்பவுண்டுக்குள்ள இருக்கறது எல்லாம் என்னுதுதான் அம்மிணி."

"அப்ப நான் உள்ள இழுத்து வெளிய உடற மூச்சு?"

வையாபுரி நியாயமான மனிதர் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தவர். கொஞ்சம் யோசித்து, "குடியிருக்கற வரைக்கும் உபயோகிச்சுக்கலாம்," என்றார்.

அந்தப் பதிலை அவள் பாத்திரம் விளக்கும்போதும் நினைத்தாள், பொம்மைக்குச் சேலை மடிக்கும்போதும் நினைத்தாள், பஸ்ஸில் நிற்கும்போதும் நினைத்தாள். உபயோகிச்சுக்கலாம் என்ற சொல் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூளைப் போல வெளியே வரமாட்டேன் என்றது. அந்தக் கோபத்தில் முல்லையின் நுனியை வெட்ட வேண்டிய சமயத்தில் அவள் வெட்டாமல் விட்டுவிட்டாள். ஆடிக்காற்றில் அந்த நுனி குச்சியைத் தாண்டி நீண்டு, சுற்றுமுற்றும் ஆடிப் பார்த்து, பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில், ஒன்றும் இல்லாததையே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அடுத்த நாள் இன்னொரு சுற்று. ஆவணியில் அது நிலவின் உயரத்துக்கு வந்தது. ஆயுதபூஜைக்கு ஆறுச்சாமி வண்டியில் கொண்டுவந்த வாழைக்கன்று இரண்டையும் அவள் வாசலின் இரண்டு பக்கமும் தரைக்கு ஒரு முழம் மேலே நிறுத்தியபோது, முல்லை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டது. வாழை வாடி இறங்கிய பிறகும் பாலம் அப்படியே நின்றது.

ஐப்பசி மழை பிடித்தது. முல்லை மழைக்குப் பூக்கிற பூ. கம்பமில்லாத, கம்பியில்லாத, கயிறில்லாத ஒரு வளைவு முழுக்க, இலை தெரியாமல் மொட்டுக் கட்டி, ஒரு சாயங்காலம் கோகிலவாணி குடையை மடக்கிக்கொண்டு வரும்போது ஒன்றாகத் திறந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். வளைவுக்குக் கீழே மூன்று எட்டில் நடந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து இன்னொரு தடவை போனாள். உள்ளே உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி, அவள் சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர் எடுத்துவைத்தான்.

அவள் அழவில்லை. "இவ்வளவுதானுங்களா?" என்றாள், நெற்றி நரம்பு புடைக்க. "இதுல யாரு குடி கெட்டுப்போச்சு? எந்த அஸ்திவாரம் பொளந்துச்சு? இந்த மூணு எட்டுக்காகவா ஒவ்வொரு வூட்லயும் என்னயக் கையக் கட்டி நிக்க வெச்சாங்க?"

ஆறுச்சாமி அந்தத் தண்ணீரைத் தானே குடித்தான்.

மணம் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனது. அடுத்த வீதிகளிலிருந்தும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். கார்த்திகைக்குக் கோகிலவாணி அகல் விளக்குகளை அந்த வளைவின் ஓரமாக, கீழிருந்து மேலாக, படி படியாக வெறும் காற்றில் ஏற்றி வைத்தபோது, வீதியில் வண்டி போக இடமில்லாமல் கூட்டம் நின்றது. கூட்டத்தைக் கண்டதும் வையாபுரிக்குத் தடை மறந்துபோனது. மல்லுவேட்டி கட்டிக்கொண்டு கேட்டருகே நின்று, வந்தவர்களிடம், "நம்ம வூடு கட்டின முகூர்த்தம் அப்படி. வடக்குப் பாத்த வாசல்," என்றார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கோகிலவாணியைக் காட்டி, "குடியிருக்கறவங்க," என்றார், பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவதுபோல.

கூட்டம் வந்தால் சேதி போகும்; சேதி போனால் அதிகாரி வருவார். கார்த்திகை முடிகிற வாரத்தில், கட்டடங்களை அளந்து வரி போடுகிற அலுவலர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து நின்றார். அமைதியான மனிதர். அவரும் வியப்படையவில்லை, குனிந்து நிழலைத்தான் அளந்தார்.

"வாசலுக்கு முன்னால புதுசா நிழல் விழுதுங்க," என்றார். "நிழல் விழுந்தா அது கூரை. கூரைன்னா கட்டுமானம். அனுமதி இருக்குங்களா? இது யாரோடதுங்க?"

வீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது: கீழ்வீட்டு ஜனங்கள் வாசல்களில், மேல்வீட்டு ஜனங்கள் மாடிகளில், எஸ்தர் டீச்சர் கையில் திருத்தாத நோட்டுக்கட்டோடு. வையாபுரி அந்த வளைவைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், மல்லுவேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க சார். பாருங்க, என் செவுத்துல ஒரு எடத்துலயாவது தொட்டிருக்குதா? அது காத்துல நிக்குது. காத்து எனக்குச் சொந்தமில்லீங்க. குடியிருக்கறவங்களோடது."

"நிச்சயமாங்களா?"

"பிள்ளையார் சாட்சியாச் சொல்றனுங்க. வாசல்ல இருக்கற காத்து பூராவும் அவங்களுதுதான்."

அலுவலர் கோகிலவாணியிடம் திரும்பி, "உங்களுதுங்களாம்மா?" என்று கேட்டார்.

"அண்ணனே சொல்றாருல்லீங்க," என்றாள் அவள்.

காற்றுக்கு வரி போடச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் நாடாவைச் சுருட்டி, கிள்ளக் கிடைத்த ஒரு முல்லையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க மார்கழி தடையில்லை என்று வையாபுரி கண்டுபிடித்தார். வாசலில் பரங்கிப்பூ வைத்துக் கோலம் போட்டு நிமிர்ந்த கோகிலவாணியிடம், மாடிப்படியில் நின்றபடி, "தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்லுவாங்க," என்று கேட்டைக் காட்டினார். "பொங்கல் கழிச்சு வேற பக்கம் பாத்துக்கங்க அம்மிணி."

"ஏனுங்கண்ணா? வாடகை பாக்கியா? சத்தம் போட்டமா? ஒரு ஆணி அடிச்சமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு பேங்க் ஆபீசர் குடும்பம் கேக்கறாங்க. அந்தம்மாளுக்கு இந்த வாசல் ரொம்பப் புடிச்சுப் போச்சு. பூவோட வேணுமாம்." அவர் குரலைத் தணித்தார், பெரிய மனசோடு விட்டுக்கொடுப்பவரைப் போல. "கொடிய அப்படியே உட்டுட்டுப் போயிருங்க. விளக்கையுந்தான். வாளி வேணும்னா எடுத்துக்கங்க."

கோகிலவாணி கோலப்பொடிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அவள் பின்னால், வண்டி எடுக்கக் கிளம்பி வந்த ஆறுச்சாமி நின்றிருந்தான். ஹாரனுக்குக் கோபப்படாத மனிதன். அவன் வையாபுரியைப் பார்த்தான். பெயின்ட் வாளியைப் பார்த்தான், அதை எத்தனை வீட்டுப் படிகளில் தூக்கி இறக்கியிருக்கிறான் என்று அவன் தோள்களுக்குத் தெரியும். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, தனக்கு முன்னால் இருந்த காற்றில் போட்டான்.

துண்டு விழவில்லை.

"தை ரெண்டாம் நாளே போயிடறமுங்க," என்றான் ஆறுச்சாமி. "எங்களுது எதையும் இங்க உட்டுட்டுப் போகமாட்டம்."

போகிக்கு வீதியில் எல்லோரும் காப்புக் கட்டினார்கள். வேப்பங்கொத்தும் ஆவாரம்பூவும் வெள்ளைப் பூளைப்பூவும் சேர்த்துப் பிடித்த கொத்தை, சொந்தக்காரர்கள் கூரை விளிம்பில் செருகினார்கள்; குடியிருப்பவர்கள் காற்றில் செருகினார்கள். கோகிலவாணி தன் கொத்தை முல்லை வளைவின் உச்சியில் வைத்துக் கையை எடுத்தாள். இந்த வருஷத்துக் காப்பு இந்த வருஷம் முழுக்கத் தன் வாசலுக்கு, வாசல் எங்கே இருந்தாலும், என்று நினைத்துக்கொண்டாள். எஸ்தர் டீச்சர் எதிர்வாசலிலிருந்து, காற்றில் இன்னும் எரிந்துகொண்டிருந்த தன் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழே நின்று, "எங்க போவ கோகிலா?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போர்டு தொங்கற வூடு எல்லாத்தையும் கேட்டுப் பாக்கோணும்."

தை இரண்டாம் நாள் பொழுது ஏறியதும் சாமான்கள் வண்டியில் ஏறின: பிரிட்ஜ், நாற்காலி, மூட்டைகள், கல்யாணப் படம். வையாபுரி மாடிப்படியில் காவலுக்கு நின்றார். பேங்க் ஆபீசரும் அவர் மனைவியும் கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்தார்கள். கடைசியாக அவள் வாளியிடம் வந்தாள்.

"கொடிய வெட்டிட்டு வாளிய எடுத்துக்க அம்மிணி," என்றார் வையாபுரி. "கத்தி தரட்டுமா?"

"காத்து ஆருதுங்கண்ணா?"

"என்ன?"

"அன்னிக்கி இத்தன சனத்துக்கு முன்னால, பிள்ளையார் சாட்சியாச் சொன்னீங்களே. வாசல்ல இருக்கற காத்து பூராவும் ஆருதுன்னு சொன்னீங்க?"

சொல்லவேண்டிய பதிலை வையாபுரியே அன்றைக்குச் சொல்லிவிட்டிருந்தார். எதிர்வாசலிலிருந்து எஸ்தர் டீச்சர், மூன்றாம் வகுப்புக்குக் கேட்கும் குரலில், "குடியிருக்கறவங்களோடது!" என்றார், வீதியின் கீழ்வாசல்கள் எல்லாம் அதைத் திருப்பிச் சொல்லின.

கோகிலவாணி வாளியைத் தூக்கினாள். முல்லை, பிடித்திருந்த பிடியை விடவில்லை. விடாமல், பிடித்திருந்ததையும் சேர்த்துக்கொண்டு வந்தது. வளைவு அப்படியே எழுந்தது; ஓரத்து அகல்கள் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல் எழுந்தன; சித்திரையில் கட்டிய தோரணம், காய்ந்து சருகாகிச் சலசலத்துக்கொண்டு எழுந்தது; காப்புக் கொத்தும், மாட்டிய நாளிலிருந்து அங்கேயே கிடந்த ஆறுச்சாமியின் துண்டும் எழுந்தன. வாசலின் உயரமும் அகலமும் உள்ள காற்று, நிலவிலிருந்து உரிந்து, ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு வெளியே வந்து, அவள் வண்டியில் ஏறி மூட்டைகளுக்கு நடுவே வாளியை மடியில் வைத்து உட்கார்ந்ததும், வண்டிக்கு மேலே போய் நின்றுகொண்டது. ஆறுச்சாமி வண்டியை எடுத்தான். மின்கம்பி குறுக்கே வந்த இடங்களில் வளைவு தானாகக் குனிந்து கொடுத்தது.

பின்னால், பேங்க் ஆபீசரின் மனைவி வெறும் நிலவுக்குள் ஒரு கால் எடுத்து வைத்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க மூச்சே வரலீங்களே," என்று சொல்லிக் காருக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானமே வையாபுரி துளைபோடும் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்து, தேக்கு நிலவில் தன் கையாலேயே நான்கு ஆணி அடித்து, டவுனிலேயே அதிக விலைக்கு விற்ற மாவிலைத் தோரணத்தை வாங்கிக் கட்டினார். அது தொங்கியது. ஆனால் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே ஏற்றிய ஊதுபத்தியின் புகை மேலே போக வழி தெரியாமல் குச்சியிலேயே உட்கார்ந்திருந்தது.

அதற்குள் வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டியிருந்தது. வாடகைக்கு வீடு என்று எழுதிய ஒரு போர்டின் முன்னால் ஆறுச்சாமி நிறுத்தினான். சொந்தக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டிக்கு மேலே நின்ற பூவையும் விளக்கையும் துண்டையும் பார்த்தார். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டார். பதில்களில் திருப்தி ஏற்பட்டதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"ஒரே ஒரு விஷயந்தானுங்க. ஆணி மட்டும்..."

கோகிலவாணி மடியிலிருந்த வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கோபம் அவளுக்குத் தணியவில்லை. தணிய அவள் விடவும் இல்லை, மேலே இருப்பது அத்தனையும் அதில்தான் நின்றது.

"ஆணி வேண்டாங்க," என்றாள். "வாசல் எங்ககிட்ட இருக்குது. அதுக்குப் பின்னால வெக்கறதுக்கு வூடு இருந்தா மட்டும் சொல்லுங்க."